ஏழு அறை வீட்டின் தாழ்ப்பாள்

“நாம மூணு பேருதானே எப்பா? மிச்ச ரூம்புல எல்லாம் யாரு இருப்பா?”

என் மகள் ஆவுடை இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. தட்டுமுட்டுச் சாமான்களோடு தென்காசியிலிருந்து இலஞ்சிப் பக்கம் மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருந்தோம். வண்டிக்காரர் சிரித்தார். என் மனைவி செண்பகவல்லியும் சிரித்தாள். நான், “யாரும் இருக்க மாட்டா. சும்மா கெடக்கும்” என்றேன்.

அந்தப் பதில் தப்பு என்று தெரிய எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

நான் எழுதப்போவது எனக்கே நடந்தது. 1959ஆம் வருஷம், வைகாசி முதல் ஐப்பசி வரை. தென்காசியில் ஒரு மர டிப்போவில் எனக்கு வேலை. புளியறை வழியாக மலையிறங்கி வருகிற தடிகளை நாடா பிடித்து அளந்து எழுதவேண்டும். அங்குலம் பிசகாமல் எழுதிப் பழகிய கை இது. கேட்டதையும் பார்த்ததையும் அதே மாதிரிதான் இங்கேயும் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அதுவரை நாங்கள் இருந்தது டவுனுக்குள், ஒரு வளவில். ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டுக் குடித்தனம். எங்களுக்கு ஒரு அறை, பத்தடிக்கு எட்டடி. அடுப்பும் அதற்குள்ளேதான். ஆனால் டிப்போ ஐந்து நிமிஷ நடை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிட்டுப் போவேன். கோயில் மணி கேட்கும். நள்ளிரவில் ஒருத்திக்கு மூச்சு முட்டினால் ஏழு வீட்டுக் கதவு திறக்கும்.

மூச்சு முட்டியது செண்பகவல்லிக்குத்தான். வளவை ஒட்டி ஒரு அரிசி மில். தவிட்டுத் தூசி எங்கள் சோற்றிலேயே விழும். இரண்டு வருஷமாக இளைப்பு. அந்தச் சித்திரையில் ஒரு ராத்திரி உதடு நீலம் பாரித்துவிட்டது. டாக்டர் மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “இது பாதிதான் வே. காத்து உள்ள வீடா பாரும். இன்னொரு தடவை இப்பிடி வந்தா நான் பொறுப்பு இல்ல.”

அப்போதுதான் இலஞ்சி வீடு வந்தது. ஏழு அறை. கிணறு, தென்னந்தோப்பு, நாலு பக்கமும் வயல். வாடகை வளவை விட ஒரே ஒரு ரூபாய் கூட. பல வருஷமாக ஆள் இல்லாமல் கிடந்ததாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. தூரம்தான் காரணம் என்று நினைத்தேன்.

தூரம் உண்மைதான். டிப்போ வேலை முடிய ஏழரை. கடைசி பஸ் ஏழு ஐம்பதுக்கு. பஸ் ரோட்டிலிருந்து ஊர்ப் பாதை பிரிகிற இலஞ்சி விலக்கில் இறங்கும்போது எட்டுப் பத்து. அதற்கப்புறம் வாய்க்கால் வரப்பில் இருபத்தைந்து நிமிஷம் நடை. காலையில் ஆறு மணிக்கே கிளம்பவேண்டும். சாரல் காலத்தில் அந்த வரப்பில் சைக்கிளும் போகாது.

புளியறை லாரி டிரைவர் காஜா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: “ராசா மாதிரி அரண்மனை எடுத்திட்டீரு சிவசைலம். அதுல இருக்கத்தான் ஒமக்கு நேரம் இல்ல.”

இருக்கட்டும், அவளுக்கு மூச்சு வருகிறதே என்று இருந்தேன். வந்த பத்தாம் நாளே இளைப்பு நின்றுவிட்டது. குற்றாலநாதரை நினைத்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

விலக்கில் ஒரே ஒரு கடை, மீரான் பாய் கடை. கடைசி பஸ்ஸில் வந்து வயல்வழியாக நடக்கிறவர்கள் காலையில் தங்கள் லாந்தரை அங்கே விட்டுப் போவோம். சாயங்காலம் அவர் கண்ணாடியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பஸ் வருகிற நேரத்துக்குப் பொருத்தி மூங்கிலில் வரிசையாக மாட்டியிருப்பார். அடையாளத்துக்கு ஆளுக்கொரு நிறத் துணி. என்னுடையது மஞ்சள். அந்த நேரம் பெரும்பாலும் அவர் கடைக்குப் பின்னால் தொழுதுகொண்டிருப்பார். நாங்களே எடுத்துக்கொண்டு போவோம்.

தினமும் இறங்குவது ஆறு பேர்.

லாந்தர் ஏழு.

ஏழாவதில் வெளுத்துப்போன சிவப்புத் துணி. யாரும் எடுக்கமாட்டார்கள். ஒருநாள் கேட்டேன். “அது ஒரு ஆளு வரவேண்டியிருக்கு” என்று மட்டும் சொன்னார்.

வீட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். முன்கதவுக்குக் கனத்த மரத் தாழ்ப்பாள், உள்ளே. சாவி கொடுத்த அன்றே வீட்டுக்காரரின் காரியஸ்தர் வீரபாகு அண்ணாச்சி செண்பகவல்லியையும் வைத்துக்கொண்டு சொன்னார்: “நீரு நேரங்கழிச்சு வாறவரு. இந்தப் பக்கத்துச் சன்னல் கம்பிக்குள்ள கைய விட்டுத் தாழ்ப்பாள இழுத்திரலாம். பிள்ளைய எழுப்ப வேண்டாம்.”

முதல் நாள் ராத்திரி கையை விட்டுப் பார்த்தேன். நாலு விரற்கடை எட்டவில்லை.

மெதுவாக, “வந்துட்டேன்” என்றேன்.

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. கிரீச்… டக்.

கதவு ஒரு சாண் திறந்தது. நான் படியில் கால் கழுவிவிட்டு உள்ளே போனபோது கூடத்தில் யாரும் இல்லை. செண்பகவல்லி முதல் அறையில் பிள்ளையை அணைத்தபடி படுத்திருந்தாள். டாக்டர் கொடுத்த ராத்திரி மருந்தைக் குடித்தால் ஏழரைக்கே அவளுக்குக் கண் சொருகிவிடும். அந்த மயக்கத்திலும் எழுந்து வந்து திறந்துவிட்டுப் போய்ப் படுக்கிறாளே என்று எனக்கு மனம் இளகியது. மறுபடி எழுப்பக் கூடாதென்று, சத்தம் காட்டாமல் தாழ் போட்டு, மூடி வைத்திருந்ததைச் சாப்பிட்டுப் படுத்தேன்.

இப்படியே தினமும். நான் சொல்வது ஒரே வார்த்தை. உள்ளே கிரீச்… டக்.

காலையில் நான் கிளம்பும்போது அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள். “மழைக்கோணிய எடுத்துக்கோங்க.” “சரி.” எங்கள் பேச்சு அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வேலை. எட்டுக் குடித்தன வளவில் ரகசியம் பேச இடம் இல்லாமல் தவித்தவர்கள், ஏழு அறை இருந்தும் பேச நேரம் இல்லாமல் இருந்தோம்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

ஆடியில் ஒரு ராத்திரி, கதவு திறந்தபோது கஷாய வாடை அடித்தது. காய்ச்சலுக்குக் காய்ச்சுகிற நிலவேம்பு. வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை.

ஆவணியில் லாரி தாமதம். கடைசி பஸ் போய்விட்டது. தென்காசியிலிருந்தே நடந்தேன். வந்து சேர்ந்தபோது ஒன்பதே முக்கால். அன்று நான் வாயைத் திறக்கவே இல்லை. கடைசிப் படியில் கால் வைத்ததும் தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவுக்குப் பின்னால் யாரோ வேகவேகமாக மூச்சு விடுவது கேட்டது. ஐயோ, இவளுக்கு இளைப்பு திரும்பிவிட்டதா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன்.

அவள் சீராக மூச்சு விட்டபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி, ஞாயிறு. டிப்போவில் அன்று முழு விடுமுறை. ஐந்து மாதத்தில் முதல் தடவையாகப் பகல் பூராவும் வீட்டில் இருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். செண்பகவல்லி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஆவுடைக்கு ஓலையில் காற்றாடி முடைந்துகொண்டிருந்தேன்.

“என்னங்க, ஒண்ணு சொல்லணும்னு நெனச்சிக்கிட்டே இருக்கேன். ராத்திரி அந்தச் சன்னல்ல கைய விடுதீங்கள்லா, பாத்து விடுங்க. மழை நேரம். பூச்சி பொட்டு கெடக்கப் போவுது.”

“நான் எங்க கைய விடுதேன்? எட்டலையே.”

“எட்டலையா? பின்ன எப்படித் தொறக்கீங்க?”

“நீதானே தொறக்க.”

முறம் நின்றது.

“நான் ஒருநாளும் எந்திரிச்சதில்ல” என்றாள். “மருந்து குடிச்சா எனக்கு விடிஞ்சப்புறம்தான் எதுவும் தெரியும். பாதி ஒறக்கத்துல தாழ்ப்பாள் சத்தம் கேக்கும். நீங்கதான் கைய விட்டுத் தொறக்கீங்கன்னு நெனச்சேன்.”

வெளியே தென்னை மட்டை ஒன்று காற்றில் உரசிக்கொண்டிருந்தது. ஆவுடை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நூற்றுச் சொச்சம் ராத்திரி… யார் திறந்தது?

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசுதேவநல்லூருக்கு உன் அக்கா வீட்டுக்குப் போய்விடு என்றேன். அவள் முறத்தை ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள்: “அக்கா வீட்டுல தறி ஓடுது. பஞ்சுத் தூசி. எனக்கு ஒரு வாரம் தாங்காது. வளவு ரூம்புக்கும் வேற ஆளு வந்தாச்சு. எங்க போக? அஞ்சு மாசமா நம்மள அது ஒண்ணும் செய்யல. நாளைக்கு நான் மருந்து குடிக்கல. முழிச்சிருந்து பாக்கேன். நீங்க சத்தம் குடுக்காதீங்க. மூணு தட்டு தட்டுங்க. நானே வந்து தொறக்கேன்.”

அன்று ராத்திரி நான் உள்ளேயே இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை. மழை. பஸ் தாமதம். விலக்கில் லாந்தரை எடுக்கும்போது எட்டே கால். ஏழாவது லாந்தர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வரப்பு முழுக்கச் சேறு. பாதி வழியில் என் லாந்தர் அணைந்துவிட்டது. முருகா முருகா என்று காலால் தடவித் தடவி நடந்தேன்.

தோப்பு தாண்டியதும் வீடு தெரிந்தது. கூடத்தில் மட்டும் வெளிச்சம். மற்ற சன்னல்கள் கறுப்பாக…

வாசலில் நின்றபோது எட்டு நாற்பத்தைந்து.

தட்டினேன்.

ஒன்று… இரண்டு… மூன்று.

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு, கிரீ…ச்.

தாழ்ப்பாள் பாதி நகர்ந்து நின்றது.

உள்ளே, கதவை விட்டுத் தள்ளி, செண்பகவல்லியின் குரல் கேட்டது.

“என்னங்க… நான் இன்னும் எந்திரிக்கல.”

என் முதுகில் தண்ணீர் இறங்கியது. மழையா வியர்வையா தெரியவில்லை. அவளும் பிள்ளையும் உள்ளே. நான் வெளியே. நடுவில் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால்…

மூச்சு. வேகவேகமான மூச்சு.

தாழ்ப்பாள் நடுங்குவது மரத்தில் வைத்த என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

அது எதற்கோ காத்து நின்றது.

எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

 கதவோடு வாயை வைத்துச் சொன்னேன்.

“வந்துட்டேன்.”

டக்.

கதவு ஒரு சாண் திறந்தது.

தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். பத்தடி தள்ளிச் சுவரில் சாய்ந்து செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆவுடை, தூங்கிப்போயிருந்தாள். பக்கத்தில் சிம்னி விளக்கு. அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடியும்வரை அவள் கையை நான் விடவில்லை. பொழுது வெளுத்த பிறகுதான் பேசினாள்.

“கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. தாழ்ப்பாள்தான் தானா நகந்துச்சு. ஆனா நீங்க சத்தம் குடுத்ததும், யாரோ பெருமூச்சு விட்டது கேட்டுச்சு. பிள்ள தொலஞ்சு கெடச்சா விடுவோமே, அது மாதிரி.”

காலையில் நான் டிப்போவுக்குப் போகவில்லை. மீரான் பாய் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நான் பாதி சொல்லும்போதே அவர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்த வீட்டுல பதினோரு வருசத்துக்கு முந்தி குத்தாலிங்கம்னு ஒரு வாத்தியார் இருந்தாரு. அவரு பெஞ்சாதி மாடத்தி. கல்யாணமாகி ஒரு வருசம். வீடு நெறையப் பிள்ளைகள் வேணும்னு அவ்வளவு பெரிய வீட்ட எடுத்தாரு. வேலை தென்காசியில. ஒங்கள மாதிரித்தான், கடைசி பஸ்ஸு.”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துப் பேசினார்.

“ஒரு ஐப்பசி மழையில என் மகளுக்குப் பேறுகால வலி. கடைய வெள்ளனப் பூட்டிட்டு ஓடிட்டேன். அவரு லாந்தர் உள்ள மாட்டிக்கிச்சு. மனுசன் இருட்டுல நடந்திருக்காரு. வரப்புல பாம்பு கடிச்சிருக்கு. வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டாரு. சத்தம் குடுத்திருக்காரு. மாடத்திக்கு அன்னைக்குக் கடுங்காய்ச்சல். கசாயத்தக் குடிச்சிட்டு அசந்து ஒறங்கிட்டா. விடிஞ்சு தாழ்ப்பாள இழுத்தா, கதவோட சாஞ்சிருந்தவரு உள்ள விழுந்தாரு.”

மூங்கிலில் சிவப்புத் துணி அசைந்தது.

“அதுக்கப்புறம் அவ படுக்கவே இல்ல. பொழுது சாஞ்சா கதவுக்குப் பின்னால போயி உக்காந்துக்கிடுவா. கால்சத்தம் கேட்டாப் போதும், தொறந்து பாப்பா. வழிப்போக்கன், மாடு தேடி வாறவன், யாரா இருந்தாலும். மறு ஆடியில போயிட்டா. தாழ்ப்பாள்ல வச்ச கையப் பிரிக்கவே சிரமப்பட்டோம்.”

நான், “அந்த ஏழாவது லாந்தர்…” என்றேன்.

“வாத்தியாரோடதுதான். அன்னைக்குக் குடுக்காம விட்டேன்லா. தெனமும் பொருத்துதேன். எடுக்கத்தான் ஆள் இல்ல.”

பத்து நாளில் மேலகரத்தில் ஒரு வீடு கிடைத்தது. இரண்டே அறை. பின்னால் கொல்லை, வேப்பமரம். காற்று தாராளமாக வரும். டிப்போவுக்கு இருபது நிமிஷ நடை. ஏழு அறையும் வேண்டாம், எட்டுக் குடித்தனமும் வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடிந்தால் போதும் என்று செண்பகவல்லி சொன்னாள். சாமான்களை ஏற்றிவிட்டு இலஞ்சி வீட்டு வாசலில் பெரிய பூட்டாகப் போட்டோம். சாவியை மறுநாள் வீரபாகு அண்ணாச்சியிடம் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

அன்று சாயங்காலம் டிப்போவிலிருந்து நேரே மேலகரம் போயிருக்கலாம். போகவில்லை.

கொஞ்சம் தாமதமாகும் என்று மட்டும் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். ஏழு ஐம்பது பஸ்ஸில் ஏறினேன். விலக்கில் மற்ற ஐந்து பேரும் தங்கள் லாந்தரோடு போகும்வரை பின்தங்கி நின்றேன். மீரான் பாய் கடைக்குப் பின்னால் தொழுதுகொண்டிருந்தார். என் மஞ்சள் துணி லாந்தரைத் தொடவில்லை. சிவப்புத் துணி கட்டியதை எடுத்துக்கொண்டேன்.

வரப்பில் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் சேற்றில் கால் புதைகிற சத்தம், என் நடைக்குச் சரியாக, கேட்டுக்கொண்டே வந்தது.

எட்டு முப்பத்தைந்து. பூட்டைத் திறந்தேன். லாந்தரை வெளியே படியில் வைத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, அந்தத் தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்தேன். ஐந்து மாதம் எனக்காக ஒருத்தி உட்கார்ந்திருந்த இடம் அது. தரை சில்லென்று இருந்தது.

நிலவேம்பு வாடை மெல்ல வந்தது. என் தோளுக்குப் பக்கத்தில் மூச்சு.

“பயப்படாதீங்க அம்மா” என்றேன். “இன்னைக்கு நான் முழிச்சிருக்கேன்.”

படியில் லாந்தர் வளையம் கிணுங்கியது.

பிறகு ஒரு குரல். மழையில் நனைந்து, களைத்து…

“வந்துட்டேன்.”

இழுத்தேன். கிரீச்… டக்.

கதவை அகலத் திறந்தேன். படியில் லாந்தர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சுடர் ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

லாந்தரை எடுத்து உள்ளே கூடத்தில் வைத்தேன். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினேன். பூட்டை மாட்டக் கையை உயர்த்தினேன்.

அதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. இத்தனை நாளும் வெளியே நின்று அது திறக்கிற சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன்.

சன்னல்களில் வெளிச்சம் நகர்ந்தது. முதல் அறை, இரண்டாவது, மூன்றாவது… அவசரமில்லாமல். ஏழாவது அறையில் போய் நின்றது.

பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு இருட்டில் நடந்தேன். பின்னால் எந்தச் சத்தமும் வரவில்லை.